பன்னிரண்டாவது மனு

மருதையன் என்னை வக்கீல் என்று நினைத்துத்தான் குடையும் ஊன்றுகோலுமாகப் பஸ் நிறுத்தம்வரை வந்திருந்தார். குத்தாலத்திலிருந்து தெற்கே போகிற டவுன் பஸ் என்னை இறக்கிவிட்டபோது மணி ஒன்பது இருக்கும். ஐப்பசி மாதம். இரவெல்லாம் கொட்டிய மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ரோட்டோர வாய்க்கால் மதகை முட்டிக்கொண்டு ஓடியது.

"வாங்கம்மா. கேசத் திரும்ப எடுக்கிறாங்களா?" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை.

நான் வக்கீல் இல்லை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள் என்று இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தேன். எழுதிப் போட்டுவிட்டால் எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிடும் என்று நம்புகிற கூட்டத்தைச் சேர்ந்தவள் நான்.

"கேஸ் எடுக்க முடியாதுங்கய்யா. தீர்ப்பாகி ஏழு வருஷம் ஆயிடுச்சு. அப்பீல் கெடு எப்பவோ போயிடுச்சு."

"அப்ப கேசு இல்ல."

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்கும்மா வந்தீங்க?"

நியாயமான கேள்வி. என் பேராசிரியர்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெண்களைக் கெடுத்ததாக எங்கள் ஜில்லாவில் பத்து வருடத்தில் நடந்த அறுபத்து மூன்று வழக்குகளின் தீர்ப்புகளை, கோர்ட் ஆவண அறைத் தூசியில் உட்கார்ந்து கையாலேயே நகல் எடுத்திருந்தேன். ஐம்பத்தாறில் விடுதலை. விடுதலைக்குக் காரணம் என்ன என்று ஓர் அட்டவணை போட்டேன். காயம் இல்லை, கூச்சல் போடவில்லை, மூன்று நாள் கழித்துத்தான் சொன்னாள். படிக்கப் படிக்க எனக்கு மரத்துப் போய்விட்டது. நாற்பத்தோராவது வரிசையில் இருந்த, மருதையன் மகள் அம்சவல்லியின் வழக்கில் மட்டும் அந்தக் காரணம் எதுவும் இல்லை. அவள் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். டாக்டர் சான்றிதழ்கூடச் சரியாக இருந்தது. தோற்றதற்குக் காரணம் வேறு. இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை.

"தீர்ப்புல பதினோரு மனுவப் பத்தி எழுதியிருக்குங்கய்யா" என்றேன்.

மருதையன் நின்றுவிட்டார்.

"அதப் படிச்சிட்டீங்களா" என்றார்.

வாய்க்கால் கரை சேறாகக் கிடந்தது. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே மடங்காது. கூலிப் போராட்டத்தில் பண்ணை ஆட்கள் தடியால் அடித்து உடைத்த கால். அந்தக் காலத்தில் அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கிளைச் செயலாளர். தெருவிலேயே தமிழ் கோர்வையாக எழுதத் தெரிந்த ஆள் அவர்தான் என்பதால் எல்லா மனுவும் அவர் கையால்தான் எழுதப்படும்.

"கூலி கேட்டோம், அடிச்சாங்கன்னு எழுதிக்கிட்டுப் போனா டேசன்ல தொடக்கூட மாட்டான். ஒரு ஏட்டய்யாதான் சொல்லிக் குடுத்தாரு. 'யோவ், பொம்பளைங்கள மானபங்கப்படுத்தினாங்கன்னு ஒரு வரி சேத்து எழுது, மேலேருந்து கேப்பாங்க, அப்பத்தான் நாங்க வர முடியும்'னாரு. சேத்து எழுதினேன். மறுநாளே ஜீப்பு வந்துச்சு. அதுலேருந்து எல்லா மனுவுலயும் அந்த வரி இருக்கும். சேலையைப் பிடிச்சு இழுத்து மானபங்கம் செய்தார்கள்னு."

"நடக்காததையா எழுதினீங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நடக்காததா? களத்து மேட்டுலயும் கருப்பங்கொல்லையிலயும் நடக்காத நாளுன்னு ஒண்ணு இருந்துச்சாம்மா இந்தத் தெருவுல? எழுதின தேதியில நடக்கல. எழுதின பேருக்காரிக்கு நடக்கல. அவ்ளதான்."

விசாரிக்க வந்த போலீசுக்கு அந்த 'அவ்ளதான்' போதுமானதாக இருந்தது. மனுவில் பெயர் உள்ள பெண்ணைக் கூப்பிடாமல் மற்றவர்களைக் கேட்பார்கள். அந்தத் தேதியில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பார்கள். பொய்ப் புகார் என்று எழுதி மூடிவிடுவார்கள். ஐந்து வருடத்தில் இப்படிப் பதினொன்று. போராட்டம் தொடங்கிவிட்டால் ஆட்களைப் பிடித்துக் கையெழுத்து வாங்க நேரம் இருக்காது. அதனால் நாற்று விடுகிற காலத்திலேயே தெருப் பெண்களிடம் வெறும் தாளில் கைநாட்டு வாங்கிச் சங்கத்துத் தகரப் பெட்டியில் அடுக்கிவிடுவார்கள். வேண்டும்போது மேலே எழுதிக்கொள்வார்கள். ஊரறிந்த வழக்கம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

எழுபத்தெட்டு மார்கழியில், அறுவடைக்குக் களம் மெழுகக் கூப்பிட்டுவிட்டு, பண்ணை ஏஜெண்டு துரைராசு அம்சவல்லியை விதைநெல் கொட்டகைக்குள் வைத்துக் கெடுத்தான். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. மருதையன் மகளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், வாசல் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதினார். பன்னிரண்டாவது மனு. அதிலும் அதே வார்த்தைகள். நகலைப் பார்த்திருக்கிறேன். கூலி உயர்வு கேட்ட காரணத்தால் என்று தொடங்கி, சேலையைப் பிடித்து இழுத்து என்று போய், அதற்குப் பிறகுதான் உண்மையில் நடந்தது வருகிறது.

"அன்னிக்கும் ஏங்கய்யா அப்பிடியே எழுதினீங்க?"

"வேற மாதிரி எழுதத் தெரியலம்மா. கை பாட்டுக்குத் தெரிஞ்சத எழுதிட்டுது."

எதிர்த் தரப்பு வக்கீல் பதினொன்றையும் கோர்ட்டில் அடுக்கிவிட்டார். அதில் மூன்றில் இருந்தது அம்சவல்லியின் கையெழுத்து.

"அவளுக்கு இது தெரியாதும்மா" என்றார் மருதையன். "தீர்ப்பு இங்கிலீசுல இருந்துச்சு. வக்கீல் என்னைய மட்டும் தனியாக் கூப்பிட்டுத்தான் சொன்னாரு. சாட்சிக் கூண்டுல தான் ஒளறிட்டதாலதான் தோத்துப் போச்சுன்னு அவளா நெனச்சுக்கிட்டா. நான் ஆமான்னு சொல்லல. இல்லன்னும் சொல்லல. கால் போயி ஒக்காந்துட்டேன். சோறு போடுறது அவதான். அவ ஆத்தாளும் இல்ல. நீங்க ஒங்களுக்கு வேணுங்கறதக் கேட்டு எழுதிக்கிட்டுப் போங்க. அத மட்டும் படிச்சுச் சொல்லிடாதீங்கம்மா. ஒங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிஜமாகவே கும்பிட்டார். நான் சொல்லமாட்டேன் என்று சொன்னேன். அவ்வளவு சுலபமாக ஏன் சொன்னேன் என்று இப்போது என்மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

அம்சவல்லி இரண்டாம் போகத் தாளடி நடவில் இருந்தாள். பதினான்கு பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் பறித்துப் போட்ட நாற்று முடிகள் சேற்றில் ஆங்காங்கே கிடந்தன. இடது கையில் முடியைப் பிரித்து, வலது கைக் கட்டைவிரலால் நாலு நாற்றைச் சேற்றுக்குள் அழுத்துகிற வேகத்தை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். நடவுப் பாட்டு பாடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பாடவில்லை. யார் வீட்டு ரேஷன் கார்டில் சர்க்கரை வெட்டுப்பட்டது என்பது பற்றிப் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ஒன்னையத் தேடித்தான் வந்திருக்காங்க போலருக்கு" என்றாள் கண்ணாத்தாள் என்கிற நடுவயதுப் பெண். "போ, போயி அந்தக் கதவப் பத்தி இவங்ககிட்டயும் சொல்லு."

மற்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. பழகிப்போன சிரிப்பு. கருகருவென்று நெடுநெடுவென்று இருந்த ஒருத்தி நிமிர்ந்து, கையைத் தண்ணீரில் அலம்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சித்த இருங்க டீச்சர். இந்தப் பாத்திய முடிச்சிட்டு வந்துடுறேன்" என்றாள். பை மாட்டிக்கொண்டு வருகிற பெண்ணெல்லாம் அவர்களுக்கு டீச்சர்தான். நான் திருத்தவில்லை.

அப்போது எதிர் வரப்போரம் ஒரு மொபெட் வந்து நின்றது. நரை விழுந்த, தொப்பை வைத்த ஆள். கட்சிக் கரை வேட்டி. "என்னா கச்சேரி நடக்குது? மழ வர்றதுக்குள்ள கரையேற வேணாமா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டான். பெண்கள் யாரும் நிமிரவில்லை. அம்சவல்லியும் குனிந்துகொண்டாள்.

"யாருங்கய்யா அது?"

"அவன்தான்" என்றார் மருதையன். "பண்ணையில பாதிய இப்ப அவன்தான் குத்தகைக்கு எடுத்துச் செய்யிறான். இது அவன் வயலுதான். இங்க வரலன்னா மூணு கல்லு நடந்து அடுத்த ஊருக்குப் போவணும். அங்கயும் ஆளுங்க நெறஞ்சு கெடக்குது."

என் அட்டவணையில் 'விடுதலைக்குப் பின்' என்று ஒரு கட்டம் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனோம். தொகுப்பு வீடு. சுவர் ஓதம் காத்துப் பச்சை பிடித்திருந்தது. காலையிலேயே வயல் நண்டை இடித்து ரசம் வைத்திருந்தாள். எனக்கு முதலில் போட்டாள்.

"நீங்க எந்தப் பக்கம் டீச்சர்? பேரு என்னா?"

"அமலி. சுவாமிமலைப் பக்கம். எங்கப்பா மாதா கோயில்ல உபதேசியாரு. எங்க தாத்தா பண்ணையில கெடந்தவரு."

"அப்ப நம்ம நண்டு ரசம் சாப்புடுவீங்க" என்று சிரித்தாள். பிறகு, நான் கேட்காமலே தொடங்கிவிட்டாள். "அந்த வக்கீலு என்னைய முதல்ல கேட்டாரு, கொட்டாய்க் கதவு தெறந்திருந்துச்சா சாத்தியிருந்துச்சான்னு. நான் தெறந்திருந்துச்சுன்னுட்டேன். நான் உள்ளார போனப்பத் தெறந்துதான் இருந்துச்சு. அப்பறம் சுத்தி வளைச்சுக் கேட்டப்ப சாத்தியிருந்துச்சுன்னேன். அவன் சாத்தினாம்ல, அதச் சொன்னேன். ரெண்டுல எது நெசம்னு ஜட்ஜய்யா கேட்டாரு. எனக்கு வாயே வரல. பேசாம நின்னுட்டேன். அதுல போயிடுச்சு டீச்சர்."

"யார் சொன்னா?"

"எல்லாருந்தான். சங்கத்துல சொன்னாங்க, இவ்ளோ பேரு பாடுபட்டு, கூண்டுல ஏறி இப்பிடி ஒளறிட்டியேன்னு. சீர்காழியில எனக்குப் பேசி வெச்ச மாப்பிள்ள ஊட்டுலயும் அதேதான். நெசமாருந்தா ஏன் மாத்தி மாத்திச் சொல்லுறான்னு கேட்டு வுட்டுட்டாங்க. இப்பக் கேக்கச் சொல்லுங்க டீச்சர், சரியாச் சொல்லுவேன். தெறந்திருந்துச்சு, நான் போனேன், அவன் பின்னால வந்து சாத்தினான், தாப்பா போடல, முதுக வெச்சு நின்னுக்கிட்டான். நடவுல, களையில, படுத்துக்கெடக்கறப்ப, இதத்தான் சொல்லிச் சொல்லிப் பாப்பேன். அன்னிக்கு மட்டும் வாய்க்கு வரல."

மருதையன் தட்டில் கை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஏழு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டே இந்த மனுஷனால் எப்படிச் சாப்பிட முடிந்தது? அதே நேரத்தில் அந்தக் கும்பிட்ட கையும் கண்ணில் நின்றது. பாதியைச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். படித்தவள் புத்தி. பாதி உண்மை என்று தனியாக ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

பையிலிருந்து நகலை எடுத்தேன். "தீர்ப்பு எங்கிட்ட இருக்கு. கதவப் பத்தி ஜட்ஜ் எழுதினது ஒரே ஒரு வரிதான். தமிழ்ல சொல்றேன், கேளுங்க. 'கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதில் சாட்சிக்கு ஏற்பட்ட குழப்பம், பயந்துபோன கிராமத்துப் பெண் ஒருத்திக்கு இயல்பானதே. அதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.' நீங்க ஒளறலைங்க. அதனால தோக்கல."

அம்சவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன். அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் என்று சொல்லத் தயங்குகிறேன். ஆனால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. "யப்பா, கேட்டியா? பொருட்டா எடுத்துக்கலயாம். யப்பா!" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, யார்தான் கேட்காமல் இருப்பார்கள், அதைக் கேட்டாள்.

"அப்பறம் எதுக்கு அவன வுட்டாங்க?"

நான் நகலை மடிக்கப் போனேன்.

"சொல்லுங்க டீச்சர். அதுலதானே எழுதியிருக்கும்?"

மருதையனைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்லியிருக்கலாம். போலீஸ் சரியில்லை, பணம் விளையாடிவிட்டது என்று ஏதாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். கையில் தாள் இருந்தது, அவள் கண் தாளின்மேல் இருந்தது. என்னால் முடியவில்லை. பதினான்காவது பத்தியைப் படித்தேன்.

"'சாட்சி, தனக்குக் காட்டப்பட்ட மூன்று மனுக்களிலும் இருப்பது தன் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொள்கிறாள். எழுபத்தைந்திலும் எழுபத்தாறிலும் எழுபத்தெட்டுத் தொடக்கத்திலும் இதே எதிரிமீது, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், தன்னை மானபங்கப்படுத்தியதாக அவள் புகார் கொடுத்திருக்கிறாள். மூன்றும் விசாரிக்கப்பட்டுப் பொய் என்று முடிவானவை. கூலித் தகராறு வரும்போதெல்லாம் இப்படிப் புகார் தருவதை வழக்கமாகக் கொண்ட ஒரு பெண்ணின் சொல்லை மட்டும் நம்பி ஒருவனைத் தண்டிப்பது ஆபத்தானது.'"

அடுப்புக்குப் பக்கத்தில் கோழி ஒன்று எதையோ கொத்திக்கொண்டிருந்தது. அம்சவல்லி அதை விரட்டினாள்.

"ஆமா, மூணு பேப்பரக் காட்டினாங்க" என்றாள் நிதானமாக. "ஒன் கையெழுத்தான்னு கேட்டாங்க. ஆமான்னேன். கோர்ட்டுல அதுக்கு மட்டுந்தான் நான் பயப்படாம சொன்னேன். யப்பா, எழுவத்தஞ்சுல எனக்கு என்னா வயசு?"

"பதினாறு."

"பதினாறு வயசுல என்னைய மானபங்கப்படுத்திட்டாங்கன்னு எழுதினியா?"

"அம்சு, எல்லார் பேருலயும் எழுதினேன். ஒன் ஒருத்தி பேருல மட்டும் இல்ல. கண்ணாத்தா பேருல இருக்கு, ஒங்கம்மா பேருல ரெண்டு இருக்கு..."

"எம் பேருல எதுக்கு மூணு?"

அவர் சொன்ன பதில் என் ஆய்வேட்டில் இல்லை. "எல்லாப் பொம்பளையும் கைநாட்டு. நீ ஒருத்திதான் கையெழுத்துப் போடுவ. அஞ்சாங்கிளாசு வரைக்கும் ஒன்னையப் படிக்க வெச்சேன்ல. கையெழுத்து இருக்கற மனுன்னா ஆபீசுல மதிப்பாங்கன்னு நெனச்சேன்."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்காரவில்லை. கதவுநிலையில் கை வைத்தபடி நின்றாள்.

"ஏழு வருசமா நான் படுத்துக்கிட்டுத் தெறந்திருந்துச்சு, சாத்தினான்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தேனே. நீ பக்கத்துலதானே படுத்திருந்த? கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு" என்றார். அழுதார். கிழவர்கள் அழுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. வெளியே போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் பற்ற வைத்தவள் நான். உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, பரணைக் காட்டி, தாளும் பேனாவும் எடுத்துத் தரச் சொன்னார். அம்சவல்லி அசையவில்லை. நான்தான் என் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தேன்.

"இப்ப எழுதித் தரேன்மா. பதினொண்ணும் நான் எழுதினது, எம்மவளுக்கு ஒண்ணும் தெரியாது, பன்னெண்டாவது மட்டும் சத்தியம்னு எழுதித் தரேன். நீங்க கோர்ட்டுல குடுங்க."

வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் குனிந்து எழுதினார். மேலே, எல்லா மனுவிலும் போடுவதுபோல, 'சமூகத்துக்கு' என்று போட்டார். கூலி உயர்வு கேட்ட காரணத்தால் என்று தொடங்கிவிட்டு, நிறுத்தி, அதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். ஒரு பக்கம் முடிக்க அரை மணி ஆயிற்று. முடித்ததும் வழக்கம்போலத் தாளை மகளிடம் நீட்டினார், கையெழுத்துக்கு.

அம்சவல்லி வாங்கி, எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தாள்.

"இதக் குடுத்தா என்னா ஆவும் டீச்சர்?"

"ஒண்ணும் ஆகாதுங்க."

"அவன உள்ள போட மாட்டாங்க?"

"மாட்டாங்க. யாரும் எடுத்துப் படிக்கக்கூட மாட்டாங்க."

அவள் தலையை ஆட்டினாள். தாளை அப்பாவின் முன்னால் தரையில் வைத்தாள்.

"நீ போடு கையெழுத்து. பன்னெண்டுல ஒண்ணுலகூட ஒன் கையெழுத்து இல்லதானே."

"செயலாளர் கையெழுத்துப் போட்டா மொதல்ல அவனப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்க அம்சு. நான் உள்ள போயிட்டா சங்கத்த யாரு பாக்கறது..."

"இப்பப் போடு. இப்ப யாரும் புடிக்க மாட்டாங்க."

அவர் போட்டார். நிதானமாக, தமிழில், முழுப் பெயரும் போட்டார். கீழே தேதி என்று எழுதி, பேனாவைத் தாளின்மேல் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்னா தேதிங்கம்மா?"

"இன்னிக்குத் தேதி எதுக்கு?" என்றாள் அம்சவல்லி. "நடந்த தேதியப் போடு, ஒரு தடவயாவது."

பேனா அப்படியே நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க மனு எழுதிய மனுஷனுக்கு அந்த ஒரு தேதி நினைவில் இல்லை.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மத்தியான நடவுக்குப் பெண்கள் தெருவில் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள்.

"மார்கழி பதினொண்ணு, செவ்வாக்கெழம" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவர் எழுதிக்கொண்டார்.